தூதுவர் பதவி துறந்த பக்கம்

இத்தனை நாள் வாய்மூடி இருந்தது போதும்.

இன்று லண்டன் டூட்டிங்கில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு கரீபியன் எழுத்தாளருக்கு நடத்திய நினைவுக் கூட்டம். தன் நாட்டின் தூதுவராகவும் இருந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி, அங்கே வெளியிட்ட நினைவு மலரில் கட்டுரை எழுதியவன் நான்.

மலரைத் திறந்தால், தன் அரசு மக்களைச் சுட்டதைக் கண்டித்து அவர் பதவி துறந்த பக்கத்தை மட்டும் காணவில்லை.

சங்கத் தலைவரிடம் கேட்டேன்.

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ. இலங்கைத் தூதரகத்து ஆக்கள் முன்வரிசையில இருக்கினம்."

"அதை எடுத்தா அந்தாளின்ர வாழ்க்கையில என்ன மிச்சம்?"

"அப்ப நீங்களே மேடையில சொல்லுங்கோவன். மைக் தாறன்."

என் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம் அந்த முன்வரிசைக்காரர்களிடம்தான் கிடக்கிறது. மைக்கை வாங்காமல் வந்துவிட்டேன்.

இதையும் பெயர் போடாமல்தான் பதிகிறேன். நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். கீழே பின்னூட்டத்தில் மட்டும் என் பெயரை எழுதிவிடாதீர்கள்.