புளிக்குப் பதில் வினிகர்

அரவேணுவில் வீட்டில் இருந்தபடியே கணினியில் புரதங்களை ஒப்பிடுவதுதான் என் பிழைப்பு. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. இரண்டு சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சில இடங்களில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று இருக்கும். அது பெரிய மாற்றமா, சில்லறை மாற்றமா என்று சொல்ல ஒரு மதிப்பெண் அட்டவணை வேண்டும். அளவு, மின்னேற்றம் எல்லாம் பார்த்து நானே ஒன்று தயாரித்தேன். என் ஆராய்ச்சி வழிகாட்டி அதைத் திருப்பி அனுப்பினார். "குணம் ஒத்துப்போனா போதாது. உறவுக்காரப் புரதங்கள்ல எதோட இடத்துல எது நிஜமாவே வந்து உட்கார்ந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமனார் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஊட்டியில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். எங்கள் காதல் கல்யாணத்துக்கு வரவே இல்லை. போனில் என்னை "சார்" என்பார். அந்த "சார்" ஒரு மூட்டை கேரட் கனம் கனக்கும். அவர் மனம் இரங்காவிட்டால் மனைவி பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. நர்ஸான அவளுக்கு மதியம்வரை டூட்டி. சமையல் என் தலையில் விழுந்தது.

குழம்பு கொதிக்கும்போதுதான் புளி டப்பா காலி என்று தெரிந்தது. வெளியே பேய் மழை, கடைகள் அடைப்பு. நமக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? புளியும் புளிப்பு, வினிகரும் புளிப்பு. குணம் ஒன்றுதானே! கோபி மஞ்சூரியனுக்கு வாங்கிய பாட்டிலைத் திறந்து தாராளமாக ஊற்றினேன்.

டூட்டி முடிந்து வந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"ஏனுங்க, தக்காளி கூடை நெறைய இருக்குதுங்களே! புளி இல்லீன்னா எந்த ஊட்லயும் தக்காளிதானுங்க போடுவாங்க. ஆராச்சும் வினிகர் ஊத்துவாங்களா?"

வழிகாட்டி சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரியே பேசினாள். என் அட்டவணைக்கு அங்கேயே உயிர் போனது. வேறு குழம்பு வைக்க நேரமில்லை; மாமனார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

முதல் வாயை வெகுநேரம் மென்றார். மனைவி தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

"ஏனுங்க சார், குழம்பு ஆரு வெச்சது?"

"நான்தாங்க."

"என்ற புள்ளைக்குச் சமைக்கத் தெரியாதே, போற எடத்துல என்ன பண்ணுவாளோன்னு பயந்துட்டு இருந்தனுங்க." இன்னொரு வாயைத் துணிந்து விழுங்கினார். "பாத்தா உங்களுக்கும் தெரியல. பொருத்தம் சரியாத்தான் இருக்குது. மோர் இருந்தா ஊத்துங்க மாப்ள."

மோர் எடுக்கப் போனவனுக்கு அடுப்படியில் கண் நிறைந்துவிட்டது.