பதிவேட்டில் குறைந்த ஒன்றரை வருஷம்

என் குறிப்பேட்டில் ஒரு வைகாசி வியாழக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: “காலை தூறல். பத்தரைக்குத் தங்கையை மிடில் ஸ்கூலில் சேர்த்தது. பிறந்த தேதி எழுதிக் கொடுத்தது.” தூறலைக் குறித்துவைத்தவன், என்ன தேதி எழுதிக் கொடுத்தேன் என்பதைக் குறிக்கவில்லை. அது மறதி அல்ல.

அப்போது நான் மைசூரில் சமஸ்தான அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தங்கைக்குப் பத்து வயது முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் மேல்கோட்டை உறவில் அந்த வயதிலேயே பெண்ணின் ஜாதகத்தைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் படிக்க அனுப்பும் வீடுகளில் வயதைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். பையன்களுக்கும் குறைப்பார்கள், சர்க்கார் உத்தியோகத்தில் கூடச் சில வருஷம் இருக்கலாமே என்று. யாரும் அதைப் பொய்யாக எண்ணியதில்லை.

“ஒன்றரை வருஷம் குறைச்சுப் போடுடா,” என்றார் அப்பா. “பத்து முடிஞ்சுடுத்துன்னு தெரிஞ்சா நாளைக்கே உன் அத்தைமார் வரன் கொண்டுண்டு வந்து நிப்பா.”

நான் மறுக்கவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மிடில் ஸ்கூல் நான்கு வருஷம், ஹைஸ்கூல் மூன்று, பிறகு இண்டர்மீடியட், பி.எஸ்ஸி. எந்த வகுப்பில் எந்தப் பாடம் எடுத்தால் கல்லூரியில் சயின்ஸ் கிடைக்கும் என்பது வரை ஃபுல்ஸ்கேப் தாளில் கட்டம் போட்டு எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். குறைத்த ஒன்றரை வருஷம் அவளுக்குக் கிடைத்த அவகாசம் என்பது என் கணக்கு.

“எல்லாருக்கும் வயசு ஏறும்,” என்று அவள் சிரிப்பாள். “ஸ்கூல் வாசலைத் தாண்டினா எனக்கு மட்டும் இறங்கறது. இப்படியே போனா காலேஜுக்குத் தொட்டிலோட போகணும் அண்ணா.”

பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அப்பா புதிதாக ஒரு ஜாதகமும் எழுதி வாங்கினார். தங்கை நன்றாகப் படித்தாள். மிடில் ஸ்கூலில் ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போட்டார்கள். அன்று சிவப்பு மசியால் கட்டங்களைத் திருத்தினேன். ஒரு வருஷம் லாபம் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஹைஸ்கூல் கடைசி வருஷம், தை மாதத்தில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். “பன்னி ஸ்வாமி,” என்று வரவேற்று நாற்காலியைக் காட்டினார். பேசியது கன்னடத்தில்தான், எனக்கு அது தமிழாகவே நினைவில் நிற்கிறது.

“பரீட்சைக்கு வயசு பதினஞ்சு முடிஞ்சிருக்கணும். உங்க தங்கைக்கு எட்டு மாசம் குறையுது. ஆனா அவளைப் பார்த்தா அப்படித் தெரியலையே.” பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “தேதி தப்புன்னா தப்புன்னு எழுதிக் கொடுங்க. மேலே அனுப்பறது என் பொறுப்பு.”

அந்த விதி, கட்டம் போடுவதற்காக நான் வாங்கி அலமாரியில் வைத்திருந்த பரீட்சை விதிப் புத்தகத்திலேயே இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தள்ளியிருந்தேன். ஒரு பெண்ணுக்கு வயது போதாமல் போகும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

வீட்டில் சொன்னதும் அப்பா, “தப்புன்னு எழுதிக் கொடுத்தா ஜாதகமும் தப்புன்னு ஆயிடும். பொண்ணு கேட்டிருக்கிற நஞ்சன்கூட்டுக்காராகிட்ட அதைத்தானே கொடுத்திருக்கோம்? ஒரு வருஷம் ஆத்துல இருக்கட்டும். அடுத்த வருஷம் எழுதறா,” என்றார்.

“அடுத்த வருஷம் நான் இந்த ஆத்துல இருப்பேனாப்பா?” என்று கேட்டாள் தங்கை. அவள் என் பக்கம் திரும்பினாள். “நீ எழுதின தேதிதானே அண்ணா? நீயே அடிச்சுட்டு எழுதேன்.”

நான் எழுதினேன். ஆனால் தேதி தவறு என்று எழுதவில்லை. எட்டு மாதக் குறைவைக் கருணையோடு மன்னித்து, செப்டம்பர் பரீட்சைக்காவது அனுமதிக்க வேண்டும் என்று இரண்டு பக்க மனு. அவள் வாங்கிய மதிப்பெண்களையெல்லாம் வரிசையாகக் கொடுத்திருந்தேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, மேலே அனுப்ப வேண்டிய காகிதங்களோடு வைத்துக்கொண்டார்.

பங்குனியில் அவளுடைய வகுப்பு பரீட்சை எழுதியது. ஆனிக் கடைசியில் நஞ்சன்கூட்டில் அவளுக்குக் கல்யாணம். கிளம்புவதற்கு முதல் நாள் நான் கட்டம் போட்டு ஒட்டியிருந்த தாளை அலமாரிக் கதவிலிருந்து பிய்த்து, அதன் பின்பக்கத்தில் பெட்டியில் வைக்க வேண்டிய புடவைகளின் பட்டியலை எழுதினாள். கோபத்தில் செய்தாளா, காகிதம் அகப்படாமல் செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு நஞ்சன்கூடு ரயிலில் அந்தப் பள்ளியின் பழைய எழுத்தர் எதிரே வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், “உங்க மனுவுக்கு ஆர்டர் வந்ததே ஸ்வாமி, செப்டம்பர்ல எழுதலாம்னு,” என்றார். “பொண்ணு ஸ்கூல்லேர்ந்து நின்னுட்டாளேன்னு ஃபைல்லயே வெச்சேன்.”

எந்த மாதம் வந்தது என்று கேட்டேன். மழை பிடித்த சமயம் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. என் குறிப்பேட்டின்படி அந்த வருஷம் ஆனி முதல் வாரத்தில் மழை பிடித்தது. ஆடி முழுக்கப் பெய்தது. பள்ளியில் போய்க் கேட்டேன். பழைய கோப்புகளைக் கழித்துவிட்டார்களாம். தங்கையிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உத்தரவு முகூர்த்தத்துக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.