மூணாவது சத்தம்

ஆரியசாலையில் மிளகாய் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து போகும். அந்தச் சந்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீடுகளில் ஒன்றில் வடிவம்மாளும் அடுத்ததில் உலகம்மையும் குடியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே சுவர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் ஒரே அறையைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். மகா கஞ்சன். ஆனால் அவருடைய கஞ்சத்தனத்தால் இரண்டு பெண்களுக்கு ஒரு நல்லது நடந்தது. அடுப்படியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர்கள் பேசிக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் தோவாளைப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரே மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிற வேலை. வடிவம்மாளுக்குப் புருஷன் ஆறுமுகசாமி, சாலைக் கடைத்தெருவில் லோடு இறக்குகிறவர். பூமாரி, தாணு என்று இரண்டு பிள்ளைகள். உலகம்மைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பம்பாயில் வேலை என்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான். பிள்ளையும் கிடையாது. பகலில் மண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போதாதென்று, சாயங்காலம் வந்து பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு மிச்சத்தைப் பேசுவார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ, ஆறுமுகசாமிக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

வடிவம்மாளிடம் ஒரு குணம் உண்டு. எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் வைத்திருப்பாள். குழாயடியில் யார் முதலில் குடம் வைப்பது, வெள்ளிக்கிழமை எதைக் கடன் கொடுக்கக் கூடாது, எந்தத் திசையில் தலை வைத்துப் படுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் தீர்ப்பு இருக்கும். சந்தில் அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கேலி செய்துகொண்டே அவள் சொன்னபடி நடப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கேயோ இந்தோனேஷியாவில் கிளம்பிய காலரா பத்து வருஷமாகக் கப்பலேறியும் ரயிலேறியும் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றி அந்தச் சந்துக்கும் வந்து சேர்ந்தது. முதலில் முக்கு வீட்டுக் கிழவர் போனார். பிறகு ஒரு கைக்குழந்தை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். நல்ல புத்திமதிதான், விறகுக்கு யார் காசு கொடுப்பது என்று மட்டும் மைக்கில் சொல்லவில்லை. ஊசி போட வந்தபோது பெண்கள் பாதிப்பேர் மண்டிக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஊசி போட்டால் கை வீங்கிவிடும், வீங்கிய கையால் காம்பு கிள்ள முடியாது, கிள்ளாவிட்டால் அன்றைக்குக் கஞ்சி இல்லை. உலகம்மையும் ஒளிந்தாள். அவளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டதே வடிவம்மாள்தான்.

ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது, பண்டமாற்று கூடாது என்று சந்தில் கட்டுப்பாடு வந்தது. மண்டியையும் சாத்திவிட்டார்கள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது இந்த இரண்டு பேருக்கும்தான் பலகை இருந்தது. "உலகம்மே, கஞ்சி குடிச்சியா?" "குடிச்சேன்ட்டி. பிள்ளையளுக்கு வயிறு எப்பிடி இருக்கு?" விடிந்ததும் இதே கேள்வி, இருட்டியதும் இதே கேள்வி. பதில் வரும்வரை இருவரும் காதைப் பலகையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் வடிவம்மாள் தன் சட்டங்களில் பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தாள். அது அவளாக உண்டாக்கியதில்லை. அவள் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான். இந்த மாதிரி வியாதி பரவுகிற காலத்தில் அதனோடு கூடவே வாதை என்கிற பேயும் வரும். வந்து, விளக்கு வைத்த பிறகு, தெரிந்தவர்கள் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். ‘என்ன’ என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது, அந்த வீட்டில் ஓர் ஆளைக் கொண்டுபோகாமல் விடாது. ஆனால் வாதையால் இரண்டு முறைதான் கூப்பிட முடியும். மூன்றாவது முறையும் கூப்பிட்டால் அது மனுஷர்தான். ஆகவே விளக்கு வைத்த பிறகு யார் கூப்பிட்டாலும் மூணாவது சத்தத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். வடிவம்மாள் இதைக் குழாயடியில் வைத்துச் சொன்னாள், பிள்ளைகளுக்கு அடித்துச் சொன்னாள், பலகை வழியாக உலகம்மைக்கும் சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதாக்கும். நானும் அந்த ஊருதானட்டி" என்றாள் உலகம்மை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ஆறுமுகசாமி எங்கேயோ அரிசி லாரி இறக்குகிற வேலை கிடைத்துப் போயிருந்தார். வடிவம்மாள் விளக்கை ஏற்றி, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிப் படுக்கப்போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வடிவு."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. உலகம்மையின் குரல்தான், ஆனால் உலகம்மையின் குரல் மாதிரியும் இல்லை. எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. வடிவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வடிவு... ஏட்டி வடிவு..."

இரண்டாவது சத்தம். வடிவம்மாள் பிள்ளைகளிடம் நகர்ந்து போய் இரண்டு பேர் மேலும் கையை வைத்துக்கொண்டாள். மூணாவது சத்தத்துக்குக் காத்திருந்தாள் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அது உலகம்மைதான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் கேட்ட குரல் தெரியாமல் போகுமா? உலகம்மைக்கு வந்துவிட்டது, இப்போது எழுந்து போனால் வாந்தியையும் பேதியையும் அள்ளிவிட்டு அந்தக் கையோடு இந்தப் பிள்ளைகளிடம் திரும்பி வர வேண்டும். மூணாவது சத்தம் வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று தன் ஊர் இசக்கியம்மனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இசக்கி காது கொடுத்துக் கேட்டாள். மூணாவது சத்தம் வரவில்லை.

விடிந்ததும் அவள்தான் முதலில் ஓடினாள். கதவைத் தள்ளினால் உலகம்மை தரையில் சுருண்டு கிடந்தாள். கண் குழிக்குள் போய், கன்னம் ஒட்டி, கை விரல்கள் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கிக் கிடந்தன. உயிர் இருந்தது. வடிவம்மாள் போட்ட கூச்சலில் சந்து முழுக்கக் கூடிவிட்டது, ஆனால் ஒருவரும் வாசற்படி தாண்டவில்லை. கார்ப்பரேஷன் வண்டி வந்து உலகம்மையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கூட ஏறப் போன வடிவம்மாளைக் கீழே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஆஸ்பத்திரி ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தது. பஸ்ஸில் ஏறப் பயந்து அவள் நடந்தே போனாள். கேட்டில் ராஜையன் என்ற வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"அகத்து விடான் பற்றில்லா. அவிடே மதிலின்ற அடுத்துப் போய் விளிச்சோ."

உள்ளே விட முடியாது, மதிலோரம் நின்று கூப்பிட்டுக்கொள் என்று அவன் கை காட்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. கல்மதில், அதற்கப்பால் கொஞ்சம் வெற்றிடம், பிறகு வார்டு ஜன்னல்கள். மதிலோரம் நிற்கிறவர்கள் அவரவர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே தெம்பிருக்கிறவர்கள் ஜன்னலுக்கு வந்து கையை ஆட்டுவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் பெயர்கள் பறந்துகொண்டிருந்தன. கை தெரிந்தால் இந்தப் பக்கம் அழுகை, தெரியாவிட்டால் அதைவிடப் பெரிய அழுகை.

"உலகம்மே! ஏட்டி உலகம்மே! நாந்தான், வடிவு வந்திருக்கேன்!"

ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை. தொண்டை கம்மும்வரை கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் நிற்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உலகம்மை அந்தத் தரையில் கிடந்து இப்படித்தானே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

வார்டு அட்டெண்டர் லீலாபாய் பாறசாலைக்காரி. இரண்டு பாஷையும் பேசுவாள். வாளியோடு வெளியே வந்தவள் மதிலருகே நின்று சொன்னாள்:

"உங்க ஆளுக்கு ஜீவன் உண்டு அம்மா. டிரிப் போட்டிருக்கு. நீங்க விளிக்கியது அவளுக்குக் கேக்குது. கண்ணத் தொறந்து ஜன்னலத்தான் பாக்கா. ஆனா ஒரு அட்சரம் மிண்டல்ல."

கேட்கிறது, ஆனால் பேசவில்லை. வடிவம்மாளுக்கு அது சாவுச் செய்தியைவிட மோசமாக இருந்தது. கோபம்தான், வேறென்ன? சாகிற நேரத்திலும் தன்னோடு பேசக் கூடாது என்று கிடக்கிறாள். இப்படியே இவள் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு அந்தப் பலகைக்குப் பக்கத்தில் படுப்பேன்? இரவு முழுவதும் இதே நினைப்பு. ஆறுமுகசாமி, "பிள்ளையளப் பாருட்டி, அங்க போவாத" என்று திட்டினார். மறுநாளும் போனாள்.

மறுநாள் மதிலோரத்தில் இன்னும் கூட்டம். உள்ளேயிருந்து எதையோ துணியில் சுற்றிப் பின்பக்க வழியாகக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் ஆளுக்கொரு பெயராக அலறிக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாளுக்கு வெறி வந்துவிட்டது. மதிலில் ஒரு கல் பெயர்ந்த இடத்தில் காலை வைத்து ஏறிக்கொண்டு கத்தினாள்.

"உலகம்மே! கேட்டேன்ட்டி! நீ கூப்பிட்ட ரெண்டு சத்தமும் எனக்குக் கேட்டுச்சு! மூணாவது சத்தம் வரட்டும்னு இருந்துட்டேன். நான் ஒரு பாவி. கோவம் இருந்தா ஏசு. என் குடி கெடட்டும்னு சாபம் போடு. சும்மா மட்டும் கெடக்காதட்டி, வாயத் தொற!"

கூட்டம் சத்தத்தை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. மூணாவது சத்தம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டது. அவ்வளவு பேருக்கு முன்னால் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் லீலாபாய் ஜன்னலுக்கு வந்தாள். அங்கிருந்தே சத்தமாகப் பேசினாள்.

"வடிவுங்கியது நீங்கதானே? அவ மிண்டினா. ஒரு காரியம் சொல்லச் சொன்னா. ‘மூணாவது கூப்பிட்டா அவ ஓடி வந்திருவா. பிள்ளையள் ரெண்டு கெடக்கு. வந்துரப்படாதேன்னுதான் நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நேத்தும் அதாக்கும் மிண்டாதிருந்தேன், மிண்டினா மதிலு சாடி வந்திருவா’ன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் மனசிலாவல. நீங்க புரிஞ்சுக்கிடுங்க."

வடிவம்மாள் மதிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சாபம் போட்டிருந்தால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"பின்ன ஒண்ணு கேக்கா" என்றாள் லீலாபாய். "‘மூணாவதும் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாதானே, அத மாத்திரம் கேட்டுட்டு வாங்க’ன்னு. சீக்கிரம் சொல்லுங்க அம்மா. இன்னிக்கு அவளுக்கு நெலம மோசம். நாடி கிட்ட மாட்டேங்குது."

மதிலோரத்தில் நின்ற அத்தனை பேரும் வடிவம்மாளின் வாயைப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவி, "சொல்லும்மா" என்று முதுகைத் தொட்டாள்.

"வந்திருப்பேன்னு சொல்லுங்க" என்றாள் வடிவம்மாள். சத்தம் எழும்பவில்லை. லீலாபாய் காதில் கையை வைத்துக் காட்டினாள். "வந்திருப்பேன்! ஓடி வந்திருப்பேன்னு சொல்லுங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டு இறங்கி மதிலடியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை.

உலகம்மை சாகவில்லை. அன்று ராத்திரி தாண்டாது என்றார்கள், தாண்டியது. உப்புத் தண்ணீர் ஏற ஏற உடம்பு தேறியது. எலும்பும் தோலுமாக அவளை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கியபோது வடிவம்மாள்தான் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், துணி அலசிப் போட்டாள். கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று ஆறுமுகசாமியையே எதிர்த்து நின்றாள்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் உலகம்மை செய்த முதல் வேலை குழாயடிக்குப் போய் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொன்னதுதான்.

"மூணாவது சத்தம் குடுத்திருந்தா இவ பிள்ளையளையும் விட்டுட்டு ஓடி வந்திருப்பா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் குடுக்கல. கூடப் பொறந்தவ உண்டுமா இப்பிடி?"

பெண்கள் வடிவம்மாளைப் பார்த்தார்கள். அதுவரை அவளைக் கேலி செய்தவர்கள்கூட அவள் குடத்துக்கு வழி விட்டார்கள். வடிவம்மாள் குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. ஒருநாள் விளக்கு வைத்த பிறகு, பிள்ளைகள் தூங்கிவிட்ட நேரம், இன்றைக்கு என்ன ஆனாலும் சரி என்று பலகையை ஒட்டி உட்கார்ந்தாள். வியாதி அப்போதும் ஊரைவிட்டு முழுக்கப் போயிருக்கவில்லை. சந்தில் எல்லாரும் அவள் சொன்ன மூணாவது சத்தச் சட்டப்படிதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

"உலகம்மே."

"என்னட்டி, சொல்லு."

ஒரு சத்தத்துக்கே பதில் வந்துவிட்டது. வடிவம்மாள் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"என்ன வடிவு? பிள்ளையளுக்கு ஏதும் சுகமில்லியா? இந்தா வந்துட்டேன்" என்று உலகம்மை எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. நீ எந்திரிக்காத. கஞ்சி குடிச்சியான்னு கேட்டேன்."

"குடிச்சேன்" என்றாள் உலகம்மை.