மலையைக் கழித்த அக்கா

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் மலைக்காரி. பிறந்ததிலிருந்து ஒரு குன்றுகூட ஏறாதவள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் வானிலை ரேடாரின் அலை மலையில் பட்டு எப்படிச் சிதறும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை.

அந்தக் கணக்கு எதற்கு என்று என்னைக் கேளுங்கள். மலையடிவாரத்து மருத்துவமனையில் நான் நர்ஸ். ரேடாருக்கு மலையும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இரண்டிலும் பட்டு அலை திரும்பி வரும். மலை மேல் மழை கொட்டினாலும் படத்தில் எது மழை, எது மலை என்று தெரியாது. போன வருடம் அப்படித்தான் எச்சரிக்கையே இல்லாமல் வெள்ளம் புகுந்து, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மலை எவ்வளவு அலையைத் திருப்பும் என்று தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம், மிச்சம் மழை. இதுதான் அக்காவின் பிடிவாதம்.

கழித்தாள். வெயில் கொளுத்தும் நாளில் மலை முழுக்க மழை என்று வந்தது! அலுவலகமே சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் படத்தில் மலைப்பகுதியையே கறுப்படித்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்புறம் எங்களுக்கு எச்சரிக்கை என்ற பேச்சே கிடையாது. அந்த மனிதரை எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு மழைக்காலம் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அக்காவின் மலை. அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு சுருள் மொத்தமும் காலி. எனக்கு வயிறு எரிந்தது. திரும்பப் பயன்படுமே என்று ஒரு தாளை எடுத்துக் கரண்டி முதுகால் தேய்த்தேன்.

"ஏய், நிறுத்து," என்றாள்.

நான் தேய்த்த பாதி அவள் பக்கமிருந்து பார்க்க இருட்டாகியிருந்தது. கசங்கிய பாதி மட்டும் மின்னியது. வழவழப்பானது ஒளியை வேறெங்கோ தள்ளிவிடும், கரடுமுரடானது வந்த பக்கமும் சிதறடிக்கும். இது அவளுக்குத் தெரியாததா என்ன? இருந்தும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பாறையின் கரடுமுரட்டை அளக்கப் போனபோது, ஏறச் சோம்பல்பட்டு, கார் நின்ற இடத்தில் கைக்கு எட்டிய பாறையை அளந்திருக்கிறாள். அதையே மலை முழுக்கப் போட்டுவிட்டாள். அதுவோ சாலை போட இயந்திரம் வைத்துச் சீவிய பாறை! வழவழப்பான பாறைக் கணக்கில் கழித்தது குறைவு, கழியாமல் மிஞ்சிய மலைதான் படத்தில் மழையாகத் தெரிந்திருக்கிறது.

என் காலணியை மாட்டிக்கொண்டு மறுநாளே ஏறினாள், என் அக்காவா இப்படி என்று நான் வாயைப் பிளக்கும் அளவுக்கு. சரிவு சரிவாக அளந்து, இரண்டு முட்டியும் சிராய்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் கட்டுப் போட்டேன்.

இப்போது கழித்தால் மலை சுத்தமாக மறைந்தது. மேலதிகாரிக்கு அதுவும் போதவில்லை. காலிப் படத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம், மழையையும் சேர்த்துக் கழித்திருந்தால் என்ன செய்வது என்றார். அதுவும் நியாயம்தான். மழையோ எட்டிப் பார்க்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"உச்சிக்கு அந்தப் பக்கம் பெரிய மழை. கீழ இருக்கிறவங்களை எல்லாம் மேல கொண்டுபோயிடு."

"இங்க வெயில் மண்டையைப் பிளக்குது."

"நான் சொல்றேன்ல."

வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாமியார் வயதுள்ள ஒரு நோயாளி, லிஃப்டில் போகும்வரை என்னைத் திட்டித் தீர்த்தார். மொட்டை மாடியில் காய்ந்த விரிப்புகளை நான் கடைசியாக எடுக்கும்போது முதல் துளி கையில் விழுந்தது. அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டி, தெருவில் தண்ணீர் திரண்டு, வாசல் தாண்டிக் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தது.

நானே போன் போட்டேன். "தண்ணி வந்தாச்சுக்கா. கீழ ஒருத்தரும் இல்ல."

அவள் அழுதாள். பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. மேலதிகாரி போனை வாங்கி, தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தார்.

"முட்டி வரைக்கும் சார். இன்னும் கறுப்படிக்கணுமா?"

"வேண்டாம்மா," என்றார்.