பெட்டி நிறையச் செம்மண்

அத்தையின் சூட்கேஸ் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழுப்பு நிற ரெக்ஸின் பெட்டி. ஒரு பக்கப் பூட்டு வேலை செய்யாது, கைப்பிடியில் சணல் சுற்றியிருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் துணி ஒரு காலத்தில் என்ன நிறமோ, எனக்கு நினைவு தெரிந்து செம்மண் நிறம்தான். கிறிஸ்துமஸுக்கு ஒட்டடை அடிக்கும்போது அதைக் கீழே இறக்குவேன். மூடியைத் திறந்ததும் மழை விழுந்த தரையின் வாசனை வருவதாக எனக்கு ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, கருவாட்டு வாசனை என்கிறார். இரண்டுமே இருந்த பெட்டிதான் அது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மிஷன் பள்ளியில் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, யாராவது பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் பாடம் நடத்துவது என்றே பல வருடம் ஓட்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் சேர்ந்த சமயம், ஒரு சின்னஞ்சிறு தீவு நாட்டின் அரசாங்கம் புதிதாகத் திறந்த பள்ளிகளுக்கு ஆள் எடுத்தது. அத்தை கிளம்பிவிட்டாள். அந்த நாட்டின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது தீவு. மதுரைப் பக்கத்து எங்கள் ஒத்தக்கடைத் தெருவுக்கு அது ஃபாரின்.

முதல் விடுமுறைக்கு அவள் வந்தபோது தெருவே எங்கள் வீட்டு முன்அறையில் உட்கார்ந்திருந்தது. துபாய்க்குப் போனவர்கள் வீட்டில் பெட்டி திறக்கிற வைபவத்தைப் பார்த்துப் பழகிய கூட்டம். அத்தை பூட்டைத் திறந்தாள். சென்ட் பாட்டில் இல்லை, டேப் ரெக்கார்டர் இல்லை. கட்டை கட்டையாக மாசிக்கருவாடு. நாற்றம் யானைமலை வரைக்கும் போயிருக்கும்.

“ஏன் டீச்சரம்மா, ஊருக்கெல்லாம் ஃபாரின் சேலை வருது, நமக்குக் கருவாடா வருது?” என்று அம்மா கேட்டாள்.

“அங்க அதுதான் மதினி இருக்கு. மீனும் தேங்காயும். வேற எல்லாம் கப்பல்ல வரணும்” என்றாள் அத்தை, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அந்த விடுமுறை முழுக்க நான் அவள் பின்னாலேயே அலைந்தேன். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. வைகையிலேயே தண்ணீரைப் பார்ப்பது அபூர்வமாக இருந்த காலம். அத்தை சொல்லச் சொல்ல எனக்குள் அந்தத் தீவு மிதக்க ஆரம்பித்தது. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்கும் ஊர். பவளக்கல்லில் கட்டிய வீடுகள். விடிந்ததும் பெண்கள் வரிசையாக நின்று வெள்ளை மணல் தெருவைக் கூட்டுவார்களாம், காலடித் தடம்கூட இல்லாமல். சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க மழைத் தண்ணீர்தான். அதைத் தொட்டியில் பிடித்து வைத்து, கோயில் தீர்த்தத்தை எடுப்பதுபோல மொண்டு எடுப்பார்களாம். நாய் கிடையாது. வயல் கிடையாது. காலை நேரத்தில் மொட்டை மாடியில் நின்று பனிக்குள் கிடக்கும் யானைமலையைப் பார்க்கும்போது, அதுதான் அத்தையின் தீவு என்று நானாக நினைத்துக்கொள்வேன். பஸ் சத்தம் கேட்டதும் அது மறுபடி மலையாகிவிடும்.

அந்த ஊருக்கு அரசாங்கம் என்றால் ஒரே ஆள்தான், தீவுத் தலைவர். தலைநகர் நியமித்த மனிதர். பக்கத்துத் தீவுக்குப் படகில் போக அவர் அனுமதி வேண்டும். ரேடியோ செட்டில் தலைநகரோடு பேசுகிறவரும் அவர்தான், புருஷன் பெண்டாட்டிச் சண்டையைத் தீர்ப்பவரும் அவர்தான். எல்லோரும் இஸ்லாமியர்கள், வேறு வழிபாட்டுக்கு வெளியே இடமில்லை. அத்தையின் பைபிளை அவர்கள் தடுக்கவில்லை, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைப் பாடுவாளாம். அடுத்த வீட்டுப் பெண் ஒருநாள், பிள்ளையே இல்லாத வீட்டில் யாருக்குத் தாலாட்டு என்று கேட்டாளாம். நோன்பு மாதத்தில் தான் மட்டும் சாப்பிடக் கூச்சப்பட்டு அத்தையும் நோன்பு இருந்தாள். “ஈஸ்டருக்கு முந்தி லெந்து நாள்ல நாம இருக்காத பட்டினியா?” என்றாள்.

அதே பள்ளியில் இன்னொரு மதுரைக்காரர் இருந்தார். வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன், கணக்கு வாத்தியார். அத்தை அவரை வாடிப்பட்டியார் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். இரண்டு பேரும் சேர்ந்தால் பேச்சு கடைசியில் மண்ணில்தான் வந்து நிற்குமாம். அந்த வெள்ளை மணலில் கறிவேப்பிலைக் குச்சிகூடப் பிடிக்கவில்லை. தலையில் வைக்கப் பூ இல்லை. மதுரைக்காரியால் எதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

ஆகவே திரும்பிப் போகும்போது அத்தை காலிப் பெட்டியை எங்கள் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், மண்வெட்டியால் செம்மண்ணை வெட்டி நிரப்பினாள். நடுவில் ஈரச் சாக்கில் சுற்றிய மல்லிகைப் பதியன்.

“கடல் தாண்டி மண்ணு சுமக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, விரலால் கிளறி, முகர்ந்து பார்த்து, எதற்கு என்று கேட்டிருக்கிறார். பூவுக்கு என்றாளாம். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு மூடியிருக்கிறார். அதற்கடுத்த விடுமுறையிலும் மண் போனது. பாதியாக அறுத்த ஒரு டிரம்மில் செடி தழைத்தது. பூத்தால் முதல் பூ தன் அம்மாவுக்குத்தான் என்று வாடிப்பட்டியார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எப்படிக் கொண்டுபோவார் என்று கேட்டால், காய வைத்தாவது கொண்டுபோவேன் என்பாராம்.

செடி மொட்டு விட்ட மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கடல் கொந்தளிப்பில் படகு எடுக்க முடியவில்லை. தீவுத் தலைவர் ரேடியோ செட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தலைநகரிலிருந்தும் படகு வர வழியில்லை. காய்ச்சலிலேயே வாடிப்பட்டியார் இறந்துபோனார்.

உடலை ஊருக்கு அனுப்ப முடியாது. பள்ளிவாசலை ஒட்டிய இடுகாட்டில் வேற்று மதத்தவரை வைக்க வழக்கமில்லை. கடலில் விடலாம் என்று யாரோ சொன்னபோது, அத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினாள். தீவுத் தலைவர் தன் தென்னந்தோப்பின் ஓரத்தைக் காட்டினார். அவருடைய மகன்களே குழி வெட்டினார்கள். வெட்ட வெட்ட வெள்ளை மணல்தான், அடியில் உப்புத் தண்ணீர் கசிந்தது.

அதைப் பார்த்ததும் அத்தை வீட்டுக்கு ஓடினாள். மொட்டோடு நின்ற செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டிரம்மை இழுத்துக்கொண்டு வந்து, மண்ணைக் குழிக்குள் பரப்பச் சொன்னாள். உடலை இறக்கிய பிறகு கைமண் போட, கொஞ்சம் மண்ணைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று அவள் தயங்கி நிற்கும்போதே, தீவுத் தலைவர் குனிந்து ஒரு பிடி அள்ளிக் குழிக்குள் போட்டார். அவர் மகன்கள் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து போட்டார்கள். கைமண் போடுவது அவர்களுக்கும் வழக்கம்தான். எங்கள் சபையில் செய்வதும், வாடிப்பட்டியில் செய்வதும் அதையேதான். “சொல்லிக் குடுக்கவே வேண்டியிருக்கலடி” என்பாள் அத்தை, இந்த இடம் வரும்போதெல்லாம். பிறகு செடியைத் தலைமாட்டில் ஊன்றினாள். வேர் பிடிக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் வந்தவள் வாடிப்பட்டிக்குப் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். தந்தி போய்ச் சேர்ந்திருந்தது, அரசாங்கக் காகிதம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அவருடைய அம்மா கேட்கப்போகும் கேள்விக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அத்தைக்குத் தெரியும். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

அந்த அம்மா மோர் கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார். “டீச்சரு, எம்புள்ளய உப்புத் தண்ணியிலயா போட்டீக?”

“இல்ல ஆத்தா. நம்ம மண்ணுல படுத்திருக்காரு. ஒத்தக்கடை மண்ணு. நான் இங்கருந்து கொண்டுபோனது.”

“எம்புட்டு மண்ணு இருந்துச்சு?”

“படுக்குற அளவுக்கு இருந்துச்சு, ஆத்தா.”

அவர் மோர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். வாசலில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. “பூ வளக்க அக்கா மண்ணு கொண்டாந்துச்சுன்னு போன தடவ வந்தப்பச் சொன்னான். அந்த மண்ணா?” என்றார். அத்தை தலையாட்டினாள். அந்த அம்மா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், முன்பின் பார்த்திராத ஒருவருக்காக.

அதன் பிறகுதான் அத்தை பெட்டியைத் திறந்தாள். குழிமேட்டிலிருந்து அள்ளி வந்த வெள்ளை மணல், சர்க்கரைபோல மின்னியது. அந்த அம்மா அதை முறத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு போய், தங்கள் கிணற்றடி வயலில் தூவினார்.

அத்தை மேலும் சில வருடம் தீவில் வேலை பார்த்துவிட்டு நிரந்தரமாக வந்துவிட்டாள். எங்கள் கொல்லையும் பிளாட்டாகிவிட்டது. மண்வெட்டி போட இன்று அங்கே இடமில்லை. போன வருடம் அத்தை இறந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் என்ன தோன்றியதோ, பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கிழிந்த உள்துணியை விலக்கித் தட்டினேன். மூலைகளில் செம்மண்ணோடு கலந்து வெள்ளை மணலும் ஒட்டியிருந்தது. ஒரு கைக்குத் தேறியது, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

எல்லோரும் குனிந்து குழிமேட்டு மண்ணை அள்ளிப் போட்டார்கள். என் முறை வந்தபோது நான் குனியவில்லை.