திங்கட்கிழமை ஆப்பிள்

எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் கதவு ஒரு சைக்கிள் ட்யூப்பின் தயவில் மூடியிருந்தது. ட்யூப்பைக் கழற்றினால் கதவு தானாகத் திறந்து, நேற்றைய சாம்பாரையும் எங்கள் குடும்ப நிலவரத்தையும் வந்தவர்களுக்குக் காட்டிவிடும். ஒழுகும் தண்ணீருக்காக அடியில் ஒரு பழைய லுங்கியைச் சுருட்டி வைத்திருந்தோம். இப்படியே இரண்டு கோடைகளைக் கடத்தினோம். புதிது வாங்கப் பணம் இல்லாமல் இல்லை. பயந்தவன் கையில் இருக்கும் பணம் மருந்துப் பெட்டி மாதிரி. திறந்தாலே வியாதி வந்துவிடும் என்று தோன்றும்.

பயத்துக்குக் காரணம் என் உத்தியோகம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில், கார்களுக்கு இரும்புப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஓர் ஆலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். 'வேலை பார்க்கிறேன்' என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். கார் கம்பெனி தனக்கு எத்தனை உருப்படி வேண்டும் என்று எழுதி அனுப்பும். அதை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் போர்டில் ஒட்டுவது என் பொறுப்பு. அந்தத் தாளுக்கு ஷெட்யூல் என்று பெயர். கொரோனாவுக்கு முன்னால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வரும். ஆலை மூடி, திறந்து, இருமி இருமி ஓட ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு ஒன்றாகத் திங்கட்கிழமை காலையில் வருகிறது. கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'உத்தேசமானது, மாறுதலுக்கு உட்பட்டது' என்று இருக்கும். ஓரளவு புத்தகம் படிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். ஆனால் அதிக முறை திரும்பத் திரும்பப் படித்த வரி இதுதான்.

ஆலை திறந்த அன்று காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப்பேரைக் கேட்டிலேயே நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். யாரும் கத்தவில்லை. திரும்பிப் போக பஸ் இல்லாததால் டிபன் டப்பாவோடு மெயின் ரோடுவரை வரிசையாக நடந்து போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் நாற்காலி தப்பியதற்குத் திறமை காரணமில்லை. தாள் இருந்தது, பசை இருந்தது, ஒட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை நாஷ்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

பேப்பரில் பொருளாதாரப் பக்கத்தை விடாமல் படிப்பேன். மக்களின் நம்பிக்கை மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதாக அங்கே எழுதியிருப்பார்கள். எங்கள் கும்மிடிப்பூண்டி பைபாஸில் அது இன்னும் பஸ் ஏறவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து பிரியாணிக் கடையில் எல்லாரும் குஸ்காதான் கேட்டார்கள். அதாவது பிரியாணிதான், கறி கிடையாது. 'வயிறு சரியில்ல' என்று காரணம் வேறு சொல்வார்கள். ஊரில் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வயிறு சரியில்லாமல் போனது மருத்துவ உலகம் கவனிக்காத விஷயம். எனக்கும் சரியில்லைதான்.

பேப்பரை நம்ப முடியாததால் நாங்கள் வேறு அறிகுறிகளைப் பார்த்தோம். கழிவு இரும்பு ஏற்றிப் போகும் லாரியின் டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் மிதக்கிறதா, இப்படி. அந்த வரிசையில்தான் ஒரு நாள் ஆலையின் விருந்தினர் விடுதிக்கு வெள்ளையடிக்க ஆட்கள் ஏறியிருப்பதைக் கண்டேன். மேனேஜர் காரணமில்லாமல் விடுதிக்குப் பெயிண்ட் அடிப்பாரா? பெரிய இடத்திலிருந்து யாரோ வருகிறார்கள். ஆர்டர் வருகிறது. தெளிவாக யோசித்துத்தான் முடிவுக்கு வந்தேன். அந்த வாரமே ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டேன்.

வாங்கியது தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலும் ஆலை ஆட்கள். ஷெட்யூல் ஒட்டுகிறவனுக்கு வரப்போவது எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. நான் செருப்பு மாற்றினால்கூட அதைப் படிப்பார்கள். அதனால் சனிக்கிழமை, இரண்டாவது ஷிஃப்ட் பஸ் போய், முதல் ஷிஃப்ட் பஸ் வந்து சேராத இடைவெளியில் வண்டியை அனுப்பும்படி கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன். வண்டி சரியாக வந்தது. தெருவும் காலியாக இருந்தது, ஒருவரைத் தவிர. பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று வேலை இல்லை. எங்கள் ஆலையிலேயே தகடு அடிக்கும் ப்ரெஸ் ஓட்டும் காண்ட்ராக்ட் ஆள். வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுவார்கள். அவரே ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்து ஃப்ரிட்ஜை இறக்கிக் கொடுத்தார்.

“இன்னாண்ணே, புச்சா ஃப்ரிட்ஜி வந்துகீது?”

“பழசு ரிப்பேருப்பா.”

“அது ரெண்டு வருசமா ரிப்பேருதானே? இப்ப இன்னா ஆச்சு?”

நான் குனிந்து அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, தான் எதுவும் கேட்கவில்லை என்று கையை உதறிவிட்டுப் போனார்.

அவர் வீட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் சுவரை ஒட்டி, கொரோனாவுக்கு முன்னால் அவர் ஆரம்பித்த கட்டடம். சுவர் எழும்பியதோடு நின்றுபோனது. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்துக் கிடந்தன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, அதற்குக் கீழே மனைவியும் இரண்டு பெண்களுமாகக் குடியிருந்தார். ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுவிட வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. போட வேண்டுமானால் மனைவியின் தாலிச் செயினை அடகு வைக்க வேண்டும். செயினை மீட்க வேண்டுமானால் மூன்றாவது ஷிஃப்ட் ஓட வேண்டும், அதில் கிடைக்கும் ஓ.டி. கூலி வேண்டும். ஆக அந்த அம்மாவின் கழுத்துச் செயினுக்கும் நான் ஒட்டும் தாளுக்கும் நேர்கோடு ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவில் பார்த்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

புது ஃப்ரிட்ஜில் முதலில் பழம்தான் வைக்க வேண்டும் என்று என் மனைவி ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. சனிக்கிழமை ஆகாது என்று இரண்டு நாள் அது காலியாகவே ஓடியது. கதவில் சந்தனம் குங்குமத்தோடு, உள்ளே ஒன்றுமில்லாமல், ஒரு கோயில் மாதிரி. திங்கட்கிழமை மாலை பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று காலையில் வந்த ஷெட்யூலில், நெடுநாளுக்குப் பிறகு மூன்றாவது ஷிஃப்ட் இருந்தது.

முடிந்தது கதை. ஃப்ரிட்ஜ் வந்தது, ஆப்பிள் வந்தது, ஷிஃப்ட் வந்தது. தெரு இதை ஒரே மூச்சில் படித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை பழக்கடைக்காரர் நான் கேட்காமலே பையில் போட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸிலிருந்து என்னோடு இறங்கியவர்கள் யாரும் நகராமல் நிற்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். ஷெட்யூலில் அந்த வாரமும் குறையவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒருவர் பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தார். பிரியாணிக் கடையில் இரண்டொருவருக்கு வயிறு சரியானது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து நின்று, தளம் போட்டுவிடலாமா என்று கேட்டார். என்னிடம் வருவது ஒரு வாரத் தாள்தான், அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

“அது போதும்ணே. எங்களுக்கு நாளைக்கே தெரியாது.”

சொல்லிவிட்டு, எனக்கு மேலிடத்தில் வாய்ப்பூட்டு போட்டிருப்பது தனக்குத் தெரியும் என்பது போல் கண்ணைச் சிமிட்டினார். தெரியாது என்று ஒருவன் சொன்னால் நம்பவைக்க நம் மொழியில் வழியே இல்லை. அடுத்த வாரம் ஷீட்டைப் பிரித்துவிட்டார். குடும்பம் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே மாறியது. கான்கிரீட்டைத் தாங்க வாடகைக்கு எடுத்த செண்ட்ரிங் பலகைகள் வந்து இறங்கின. அந்த அம்மா எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தபோது கழுத்தில் புது மஞ்சள் கயிறு இருந்ததாக என் மனைவி சொன்னாள். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாராம்.

இதற்கு நடுவில் மேனேஜர் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். வழக்கமில்லாத வழக்கம். நாற்காலி போகப்போகிறது என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரோ உற்சாகமாக இருந்தார்.

“உங்க பக்கத்து வீட்டு ஆள் தளம் போடுறாராமே? காண்ட்ராக்ட்ல இருக்கறவரே தளம் போடுறார்னா நிலைமை தேறிடுச்சுன்னுதானே அர்த்தம்? ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்க, நான் அப்படித்தான் சொன்னேன்.”

பேச்சோடு பேச்சாக, விருந்தினர் விடுதிக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். பெயிண்ட் அடித்ததைப் பார்த்தேன் என்றேன்.

“அதுவா? பெயிண்ட் காண்ட்ராக்டர் வேலையே இல்லைன்னு வந்து நின்னார். பசங்க சும்மா இருக்காங்க, சாப்பாட்டுக்காவது குடுங்கன்னார். ஸ்டோர்ல பழைய டப்பா கிடந்துது, அடிக்கச் சொன்னேன்.”

அவர் போன பிறகு நான் வெகுநேரம் உட்காரவில்லை. வேலையில்லாத பெயிண்டரைப் பார்த்து நான் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். என் ஃப்ரிட்ஜைப் பார்த்து ஒருவர் வீட்டுக் கூரையைப் பிரித்தார். அவர் கூரையைப் பார்த்து மேனேஜர் நிலைமை தேறிவிட்டது என்கிறார். நான் இத்தனை நாள் சாய்ந்துகொண்டிருந்த சுவர் என்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கடியில் இரண்டு சின்னப் பெண்கள் தார்ப்பாயில் தூங்குகிறார்கள்.

அன்று மாலையே போய் பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்டர், டப்பா, ஒன்றையும் விடவில்லை. அவர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு மேலே கையைக் காட்டினார். பழவேற்காடு பக்கத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

“ஷீட்டப் பிரிச்சாச்சுண்ணே. செண்ட்ரிங்கு வாடகை ஓடினுகீது. இப்ப வந்து பேஜாரு பண்றீங்களே. நீங்க அந்த ஃப்ரிட்ஜிய திருப்பிக் குடுத்துடுவீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா?”

கான்கிரீட் போட்ட அன்று மழை வரவில்லை. கலவை இயந்திரம் காலையிலிருந்து கத்தியது. எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். எனக்கு மட்டும் முந்திரி பார்த்துப் போட்டு ஒரு தனிக் கிண்ணத்தில் வந்தது. தின்றேன். ருசி நினைவில்லை.

அடுத்து வந்த திங்கட்கிழமை ஷெட்யூலில் மூன்றாவது ஷிஃப்ட் வரிசை முழுவதும் வெறும் கோடுகளாக இருந்தது. கீழே அந்தப் பொடி எழுத்து. ஒட்டும்போது பசை காயவில்லை, இரண்டு முறை கழன்று விழுந்தது.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் இன்று ஆப்பிள் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். நேர்மையான மனிதன் இந்த நிலைமையில் ஆப்பிள் வாங்கக் கூடாது. அப்படியே தெருப்பக்கம் திரும்பினால், புதுத் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றிருந்தார் பக்கத்து வீட்டுக்காரர். அவ்வளவு உயரத்திலிருந்து பஸ் ஸ்டாப் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கடைக்காரர் ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

அவர் வீட்டு வாசலில் நின்று, கழுத்தை நிமிர்த்தி, மறைக்காமல் சொன்னேன். இந்த வாரம் மூன்றாவது ஷிஃப்ட் இல்லை, அதற்கடுத்து என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரும் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் ஹோஸ் அப்படியே நின்றது. பாத்தி நிரம்பி, தண்ணீர் விளிம்பில் வழிந்து, கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் பக்கத்தில் விழுந்தது. அந்த அம்மா தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

“ஆப்பிள் வாங்கினீங்களாண்ணே?” என்றார் மேலேயிருந்து.

பையைத் தூக்கிக் காட்டினேன்.

“அப்ப சரி.”

ஹோஸைப் பக்கத்துப் பாத்திக்கு மாற்றினார். அவருக்கு ஆப்பிள் போதுமாக இருந்தது. அவர் மனைவி பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சாம்பல் படிந்த கை கழுத்துவரை போய், கயிற்றைத் தொடாமல் திரும்பி வந்தது.

வீட்டுக்குள் போனதும் என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். போன வாரத்து ஆப்பிள் இருந்தது, அதற்குப் பின்னால் அதற்கும் முந்தைய வாரத்தது. எங்கள் இருவருக்கும் சர்க்கரை. ஆளுக்கு அரைப் பழத்துக்குமேல் டாக்டர் அனுமதி இல்லை.

“இன்னும் எத்தனை நாளைக்குங்க இது?”

தளம் காய்கிறவரை என்று சொல்ல நினைத்தேன். செயின் திரும்பி வருகிறவரை என்பதுதான் சரியான பதில். அதற்கு என்னிடம் ஷெட்யூல் இல்லை. பழைய பழங்களைப் பின்னால் தள்ளிப் புதியவற்றை முன்னால் அடுக்கி, கதவு மூடுகிறதா என்று பார்த்தேன். வரும் திங்கட்கிழமைக்குக் கொஞ்சம் சின்ன ஆப்பிளாகப் பார்த்து எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.