சிரப் தண்ணீர் குடிக்காதவள்

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், தொழிலாளர்கள் குடியிருந்த லயன் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. சில பிள்ளைகளை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மனுக்கு என்ன குறை வைத்தோம் என்றுதான் முதலில் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் அம்மனை விட்டுவிட்டு, அன்னதானம் சமைத்த அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பால் வெட்டப் போகிற தாய்மார்கள் இனி அவரிடம் பிள்ளையை விடமாட்டோம் என்று நின்றார்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை. அப்பாதான் அவளைப் பிடிவாதமாகப் படிக்க வைத்தார். ஈப்போ சிலிபினில் குடியிருந்துகொண்டு சுகாதார இலாகாவில் வேலை பார்த்தாள். வியாதி எங்கிருந்து கிளம்பியது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வேலை. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, வெறும் கேள்விகளோடு வந்தவளைப் பார்த்துத் தோட்டமே நொந்துகொண்டது.

அதிலும் நோயாளிகளிடம் பேசி முடித்தபின், நன்றாக இருப்பவர்களையே தேடித் தேடிப் போனாள்.

"கெடக்கிறவன விட்டுட்டு நல்லா இருக்கிறவன்கிட்ட என்னலா கேள்வி?" என்று கங்காணி வேலை பார்த்த மண்டோர் கத்தினார்.

"இவங்க எதச் சாப்பிடலன்னு தெரிஞ்சாத்தான் அண்ணே, அவங்க எதனால படுத்தாங்கன்னு தெரியும்."

மண்டோருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்பவரும் யாரும் இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டீர்களா என்றால், ஒரு அம்மாள் மருமகளின் வாய்த்துடுக்கைப் பற்றிச் சொன்னார். விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று சாதித்த பெரியவர் ஒருவர், வடையை ஒப்புக்கொண்டார், அப்புறம் பாயாசத்தை, கடைசியில் ரெண்டு தட்டுச் சோற்றை. அத்தை பென்சிலால் நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

அன்று அன்னதானம் தவிர இன்னொன்றும் இருந்தது. ரதம் கிளம்பும்போது ஐஸ் போட்ட சிவப்புச் சிரப் தண்ணீர். வருஷா வருஷம் அது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான அப்பாவின் உபயம். அந்த வெயிலில் அதைக் குடிக்காதவர்கள் அபூர்வம். அதனால், சோற்றைச் சாப்பிட்டும் சிரப்பைத் தொடாதவர் யாராவது கிடைப்பார்களா என்று அத்தை அலைந்தாள். கிடைத்த சிலரில் நானும் ஒருத்தி. எனக்குச் சொத்தைப் பல். ஐஸ் பட்டால் உயிர் போகும். ஆனால் தயிர்சாதத்தை வாங்கி வாங்கித் தின்றிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டாள். மறுநாள் தலை பின்னிவிடும்போது அதையே கேட்டாள். சொன்னேன். ஊருக்குத் திரும்பும் நாளன்று, பின்வாசல் படியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ஒரு மடக்குகூடக் குடிக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"குடிக்கல அத்தை! எத்தன வாட்டிதான் சொல்றது? ஒங்களுக்குக் காது கேக்காதா?"

உள்ளேயிருந்து அம்மா என்னை அதட்டினாள். அத்தை எழுந்தாள். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள்.

"அண்ணே, சோத்துல ஒண்ணுமில்ல. சிரப் தண்ணிதான். கொழாய் வரலன்னு கெணத்துத் தண்ணியக் காய்ச்சாம கலந்திருக்கீங்க."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"யாருகிட்ட சொல்லப் போற?"

"எல்லார்கிட்டயும்தான். இல்லன்னா அந்த அக்கா பொழப்பு போயிரும்ண்ணே."

"ஒன்னப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு அப்பா தட்டிலேயே கை கழுவி எழுந்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அவளிடம் அவர் பேசவில்லை.

கிணற்றை மூடினார்கள். சமைத்த அக்கா அந்த வாரமே ஆயாக்கொட்டகைக்குத் திரும்பினார். அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறினாள். அவ்வளவு படித்தவளுக்கு ஒரு சின்னப் பதில் ஏன் மனதில் தங்கவில்லை என்று நான் அலுத்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வேறு பதில் ஒன்று வந்துவிடாதா என்றுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எட்டவே இல்லை.